கடைசி என்று தெரியாத ஒன்று

கடைசிச் சிகரட்டுகள் எனக்கு நிறைய.
ஒன்றைக் காலிமுகத் திடலில் பிடித்தேன்,
முப்பத்தோராம் திகதி இரவு,
வாணம் வெடித்து முடியும்வரை இழுத்து இழுத்து.
ஒன்றை வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால்
பாறையில் குந்தியிருந்து.
மிச்சப் பெட்டியைக் கடலுக்கு எறிந்தேன்.
அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து
செருப்படியில் வைத்தது.
வெயிலில் காயவைத்தால் சரிவருமா என்று
ஒரு கணம் யோசித்தவன் நான்.

சுகிர்தாவின் தலையில் கைவைத்துச்
சத்தியம் பண்ணியது இன்னொன்று.
"என்ர தலையை விடுங்கோ," என்றாள்,
"அது ஏற்கெனவே இடிக்குது."

தொடங்கியது மட்டும் நல்ல ஞாபகம்.
தொண்ணூற்றாறு. கொட்டாஞ்சேனை லொட்ஜ்.
ஆறு பேருக்கு நாலு பாய்.
ஏஜென்சிக்காரனின் ஒரு போனுக்கு
ஆறு பேரின் காது.
சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டுபோன இரவு
பொலிஸ் கூண்டுக்குள் பெயர் தெரியாத ஒருவர்
பாதி எரிந்ததை என்னிடம் நீட்டினார்.
"பிடி தம்பி, நேரம் போகும்."
விடிய முன்னம் அவரை வேறு வானில் ஏற்றினார்கள்.

நேரம் போனது உண்மை.
இருபத்தாறு வருடம் போனது.
நான் கனடா போகவில்லை.

பிறகு காத்திருந்த இடமெல்லாம் அது கூட வந்தது.
சோதனைச்சாவடி வரிசைக்கு,
மகள் பிறந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு,
புறக்கோட்டை டைல்ஸ் கடையில்
கணக்குப் பொருந்தாத மார்ச் மாதங்களுக்கு.
பிளேன்ரீ நாக்கில் பட்டதும்
இரண்டு விரல் தானாக விலகும்,
வாங்கில் நடுவில் ஒருவர் வந்து இருக்க
இடம் விட்ட மாதிரி.

எப்படி விட்டாய் என்று நௌசாத் கேட்கிறான்.
பெருநாள் முடிந்து ஆறாம் நாள்.
முப்பது பகல் தொடாமல் இருந்துவிட்டு
முப்பது இரவும் வட்டி கட்டியவன்.
நான் என்ன சொல்ல?
அந்தக் கடைசி ஒன்று எனக்கு ஞாபகமே இல்லை.
கோட்டை ஸ்டேஷன் முன்னால், மழைக்குள்,
நூறாம் நம்பர் பஸ் வந்திருக்க வேண்டும்.
பாதியை எறிந்துவிட்டு ஓடி ஏறியிருப்பேன்.
அன்றிரவு காய்ச்சல். டெங்கு.
பதினொரு நாள் சேலைன், பப்பாசி இலைச் சாறு.
எழும்பி நடந்தபோது
வாய் வேறு யாருடையதோ போல இருந்தது,
யாரோ கழுவித் தந்த பாத்திரம்.
உடனே கரியாக்க மனம் வரவில்லை.
அவ்வளவுதான்.

லேசு என்று எழுதினால் பொய்.
மூன்றாம் கிழமை ஸ்டேப்ளரைச் சுவரில் எறிந்தேன்.
மகளின் பென்சில்களைக் கடித்தேன்,
அவள் எண்ணி வைத்திருந்தாள்.
ஆனாலும் பின்னேரம் மூன்றரைக்கு
நௌசாத்தோடு பின்படிக்கட்டில் போய் நின்றேன்
வெறுங்கையோடு.
சிகரட்டை விட்டவன் படிக்கட்டையும் ஏன் விடவேண்டும்?
மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன்.
எப்பேர்ப்பட்ட ஆசையும்
ஒரு சிகரட் எரிகிற நேரத்துக்கு மேல் நிற்காது.
பிறகு திரும்பவும் வரும், அது வேறு.

குணதாசவின் கடையில் என்னைக் கண்டதும்
அவர் கை தகரப் பேணிக்குப் போகும்.
"ஏபா" என்று சொன்ன முதல் நாள்
வருத்தமா என்று கேட்டார்.
மிச்சக் காசுக்கு இரண்டு ரொபி தந்தார்.
மூன்று வருடமாகியும் அந்தக் கை
அரைவாசி தூரம் போய்த்தான் திரும்புகிறது.
நான் அவரைத் திருத்துவதில்லை.

நேற்று பஸ் தரிப்பில்
பொடியன் ஒருவன் கேட்டான்,
"அங்கிள், நெருப்பு இருக்கா?"
சட்டைப் பையைத் தடவினேன்.
சாவி, ரொபித் தாள், ஈரமான டிக்கெட்.
இல்லை என்று சொல்ல
ஏனோ வெட்கமாக இருந்தது.
அவன் வேறு யாரிடமோ வாங்கிப் பற்றவைத்தான்.
புகை என் பக்கம் வந்தது.
நான் விலகவில்லை.
அந்தக் கூண்டுக்குள் இருந்த மனிதரின் முகத்தை
ஒருக்கால் பிடித்துப் பார்க்க முயன்றேன்,
மீசை இருந்ததா, இல்லையா.

நூறு வந்தது.
எறிவதற்கு ஒன்றும் இல்லாமல்
ஏறினேன்.